லெக்சருக்குப் போகாமலே மார்க் வருகிறதே, பிறகு ஏன் போக வேண்டும்?

நீங்கள் கேட்டிருப்பதன் சாரம் இது. முதலாண்டில் பாதி லெக்சருக்குக்கூடப் போகவில்லை, ஆனாலும் நல்ல மார்க். ஸ்லைடும் ரெக்கார்டிங்கும் அன்றைக்கே ஏற்றிவிடுகிறார்கள். அட்டெண்டன்ஸ் கட்டாயமில்லை. இரண்டாமாண்டு தொடங்கி ஐந்து வாரம் ஆகிறது, இப்போதும் அதே கதைதான். "போய் உட்கார்ந்தால் தூக்கம்தான் வருகிறது. போகாதவர்களுக்கு உண்மையிலேயே நஷ்டம் உண்டா, இல்லை ஆசிரியர்கள் சும்மா பயமுறுத்துகிறார்களா?" என்று முடித்திருக்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் கட் அடிக்க அனுமதி கேட்பது மாதிரி இருக்கிறது. ஆனால் அதற்கு யாருடைய அனுமதியும் உங்களுக்குத் தேவையில்லை. கண்ணுக்குத் தெரியாமல் எதையாவது இழந்துகொண்டிருக்கிறேனோ என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நான் எந்தப் பக்கத்து ஆள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பல வருடங்களாகப் புள்ளியியல் கற்பிக்கிறேன். வகுப்பு நிரம்பியிருந்தால் எனக்குச் சந்தோஷம். அதனால் என் பேச்சில் கொஞ்சம் கழித்துக்கொண்டே கேளுங்கள். அனுபவத்திலிருந்து நான் சொல்பவை கணக்கு சார்ந்த பாடங்களுக்குப் பொருந்தும். இலக்கியம், சட்டம், தத்துவம் மாதிரி விவாதத்தாலேயே நடக்கும் வகுப்புகளுக்கு வேறு கணக்கு உண்டு. அங்கே வகுப்பில் நடக்கும் பேச்சுதான் பாடம், வராதவருக்குப் பின்னால் படித்துக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது.

முதலில் விவாதத்துக்கே இடமில்லாததை ஒதுக்கிவிடுவோம். குறைந்தபட்ச வருகை இல்லாவிட்டால் தேர்வு எழுத விடமாட்டோம் என்ற விதி இருந்தால் யோசிக்க ஒன்றுமில்லை, போங்கள். உங்களுக்கு அப்படி இல்லை என்று எழுதியிருந்தாலும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். லெக்சருக்குக் கட்டாயமில்லாத இடங்களில்கூட லேப், டுடோரியல், களப்பணி போன்றவற்றுக்குக் கட்டாயம் இருப்பது சகஜம். உதவித்தொகையில் படிப்பவர்களுக்கும், மாணவர் விசாவில் வெளிநாட்டில் படிப்பவர்களுக்கும் தனி நிபந்தனைகள் இருக்கலாம். பத்து நிமிடம் செலவழித்து விதிமுறைக் கையேட்டைப் பாருங்கள், சீனியர் சொன்னார் என்று விட்டுவிடாதீர்கள்.

சரி, விதி எதுவும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். 1993இல் டேவிட் ரோமர் என்ற பொருளியலாளர் அமெரிக்காவின் பெயர்பெற்ற மூன்று கல்வி நிறுவனங்களில் பொருளியல் வகுப்புகளுக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தார். சாதாரணமான ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்கு மாணவர்கள் வரவில்லை. ரெக்கார்டிங்கும் செல்போனும் வந்த பிறகுதான் பிள்ளைகள் கெட்டுப்போனார்கள் என்று யாராவது சொன்னால் இதை எடுத்துக் காட்டுங்கள். அதற்குப் பிறகு நிறைய ஆய்வுகள் வந்தன. அவற்றையெல்லாம் மார்கஸ் கிரெடேயும் இரண்டு சகாக்களும் 2010இல் ஒன்றாகத் தொகுத்தார்கள். ஒரு பாடத்தில் ஒருவருடைய வருகைக்கும் அந்தப் பாடத்தில் அவர் வாங்கும் மதிப்பெண்ணுக்கும் ஒட்டுறவு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்பதன் அளவு; 0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) ஏறக்குறைய 0.44 என்று வந்தது. பள்ளி மதிப்பெண், நுழைவுத்தேர்வு, படிக்கும் பழக்கம் என்று வழக்கமாகக் கணிப்புக்குப் பயன்படுத்தும் எதைவிடவும் இது வலுவானது என்பது அவர்கள் முடிவு.

இந்த எண்ணை எப்படிப் படிப்பது என்று கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டு தரப்பும் இதைத் தப்பாகப் பயன்படுத்துவதைப் பார்க்கிறேன். 0.44ஐ வர்க்கப்படுத்தினால் 0.19 சொச்சம் வரும். அதாவது மாணவர்களிடையே மதிப்பெண்ணில் காணும் ஏற்றத்தாழ்வில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு வருகையோடு சேர்ந்து நகர்கிறது. மீதி நான்கு பங்குக்கு வேறு விஷயங்கள் பொறுப்பு. மனிதர்களைப் பற்றிய ஆய்வில் ஐந்தில் ஒரு பங்கு என்பது பெரிய விஷயம்தான். ஆனாலும் வகுப்புக்கு வராமலே நன்றாக எழுதுகிறவர்களுக்கும், ஒரு நாள் விடாமல் வந்தும் திணறுகிறவர்களுக்கும் அந்த எண்ணுக்குள் தாராளமாக இடம் இருக்கிறது. இருவரையும் எனக்குத் தெரியும், ஒவ்வொரு செமஸ்டரிலும் வருகிறார்கள்.

அப்புறம் வழக்கமான ஆட்சேபம் ஒன்று: ஆர்வமுள்ளவர்கள் வகுப்புக்கும் போவார்கள், வீட்டிலும் படிப்பார்கள். அப்படியானால் மார்க் வந்தது வகுப்பாலா, ஆர்வத்தாலா? நியாயமான கேள்வி. கிரெடே குழு இதையும் பார்த்தது. பொறுப்புணர்வு, ஊக்கம் போன்ற குணங்களுக்கும் வருகைக்கும் இருந்த தொடர்பு எதிர்பார்த்ததைவிடப் பலவீனமாகவே இருந்தது. ஆகவே நல்ல பிள்ளைகள் வருகிறார்கள், அவ்வளவுதான் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் கேள்வியை நேராகச் சோதிக்க வேண்டுமானால், வர விருப்பமில்லாத சிலரை வரவைத்துப் பார்க்க வேண்டும். அப்படியும் செய்திருக்கிறார்கள். டாப்கின், கில், மேரியன் என்ற மூவர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், இடைத்தேர்வில் வகுப்பின் நடுமதிப்பெண்ணுக்குக் கீழே எடுத்தவர்களுக்கு மட்டும் அந்தத் தேர்வுக்குப் பிறகு வகுப்பைக் கட்டாயமாக்கினார்கள். அந்த நடுமதிப்பெண் கோட்டுக்கு ஒரு மார்க் மேலே நிற்பவரும் ஒரு மார்க் கீழே நிற்பவரும் திறமையில் ஏறக்குறைய ஒன்றுதான். வேறுபாடு கட்டாயம் மட்டும். கோட்டுக்குச் சற்றுக் கீழே இருந்து, வேறு வழியின்றி வந்தவர்கள் இறுதித் தேர்வில் கூடுதலாக எடுத்தார்கள்.

இத்தோடு நிறுத்தினால் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று தோன்றும். ஆனால் 2021இல் நெதர்லாந்திலிருந்து வந்த ஓர் ஆய்வு வேறு மாதிரிச் சொல்கிறது. அங்கே ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில், முதலாண்டு சராசரி 10க்கு 7க்குக் கீழே இருந்தவர்கள் இரண்டாமாண்டு டுடோரியல்களில் 70 சதவீதமாவது வந்தாக வேண்டும் என்று வைத்திருந்தார்கள். வருகை நன்றாக ஏறியது. மதிப்பெண் சராசரியில் ஏறவே இல்லை. இரண்டும் ஒழுங்காகச் செய்த ஆய்வுகள்தான், இரண்டிலும் ஒரே மாதிரியான கோட்டு உத்திதான். பிறகு ஏன் இந்த வித்தியாசம்? நான் புரிந்துகொள்வது இது: வகுப்புக்குப் போவதன் பலன், போகாவிட்டால் அந்த ஒரு மணி நேரம் எங்கே போயிருக்கும் என்பதைப் பொறுத்தது. தூங்கியிருப்பவரை இழுத்துவந்தால் லாபம். தனியாக உட்கார்ந்து கணக்குப் போட்டிருப்பவரை இழுத்துவந்தால் நஷ்டமாகவும் முடியலாம். இது என் ஊகம், அந்த ஆய்வுகள் நிரூபித்தது அல்ல. என்றாலும் நான் பார்த்த மாணவர்களோடு ஒத்துப்போகிறது.

உங்களைக் குறித்து இன்னொன்றும் சேர்க்க வேண்டும். நன்றாகப் படிக்கிறவர்களுக்கு வகுப்பு தேவையில்லை என்பது பொதுவான நம்பிக்கை. பிரிட்டனில் அருளம்பலம், நெய்லர், ஸ்மித் ஆகியோர் 2012இல் வெளியிட்ட ஆய்வில் இது தலைகீழாக வந்தது. வகுப்பைத் தவறவிடுவதால் ஏற்படும் சரிவு, நன்றாகச் செய்கிற மாணவர்களிடம்தான் கூடுதலாகத் தெரிந்தது. ஓர் ஆய்வை வைத்துக்கொண்டு சட்டம் போட மாட்டேன். ஆனாலும் "எனக்குத்தான் மார்க் வருகிறதே" என்பது அவ்வளவு பாதுகாப்பான வாதம் இல்லை என்று காட்ட இது போதும்.

இனி எண்களை விட்டுவிட்டு, வகுப்பறையில் என்ன நடக்கிறது என்பதற்கு வருவோம். நிகழ்தகவு வகுப்பில் நான் வழக்கமாகப் போடும் ஒரு கணக்கு: ஒரு நோய் நூற்றில் ஒருவருக்கு இருக்கிறது. நோய் உள்ளவர்களில் 90 சதவீதம் பேரைப் பரிசோதனை சரியாகக் கண்டுபிடிக்கும். நோய் இல்லாதவர்களில் 9 சதவீதம் பேருக்கும் தவறாக 'இருக்கிறது' என்று காட்டிவிடும். ஒருவருக்கு 'இருக்கிறது' என்று வந்துவிட்டது. அவருக்கு உண்மையிலேயே நோய் இருக்க வாய்ப்பு எவ்வளவு? எதுவும் எழுதாமல் கை தூக்கச் சொல்வேன். பெரும்பாலான கைகள் 90க்குத்தான் எழும். இரண்டொருவர் 80 என்பார்கள். அப்புறம்தான் போர்டில் ஆயிரம் பேரை எடுத்துக்கொள்வோம். பத்துப் பேருக்கு நோய், அவர்களில் ஒன்பது பேர் பிடிபடுவார்கள். நோய் இல்லாத 990 பேரில் சுமார் 89 பேருக்கும் 'இருக்கிறது' என்று வரும். ஆக மொத்தம் 98 பேர், அதில் உண்மையான நோயாளிகள் ஒன்பதே பேர். பத்து சதவீதம்கூட இல்லை. இந்த இடத்தில் வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். முன்வரிசையில் யாராவது "சார், 990ஐ ஏன் எடுத்தீர்கள்?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போதுதான் பாதிப் பேருக்கு விஷயம் உறைக்கும்.

அன்றைய ஸ்லைடில் என்ன இருக்கும் தெரியுமா? பேயஸ் தேற்றத்தின் சூத்திரம், கீழே ஒரு வரியில் 0.092 என்ற விடை. வீட்டிலிருந்து அதைப் படிப்பவருக்கு எந்தச் சிக்கலும் தெரியாது. சூத்திரத்தில் எண்களைப் போட்டால் விடை வருகிறது, புரிந்துவிட்டது, அடுத்த ஸ்லைடு. அவர் 90 என்று சொல்லித் தோற்கவில்லை. தேர்வில் அதே கணக்கை வார்த்தைகளை மாற்றிக் கேட்டால், எந்த எண் எங்கே போகும் என்பதில்தான் தடுமாறுவார். விடைத்தாளில் இந்தத் தடுமாற்றத்தைப் பார்த்தாலே, ஸ்லைடை மட்டும் படித்தவர் என்று ஓரளவு ஊகித்துவிடலாம். போகாதவர் இழப்பது பெரும்பாலும் இந்த மாதிரி விஷயங்கள்தான்: தன் ஊகம் தப்பாகும் தருணம், பக்கத்தில் இருப்பவர் கேட்ட கேள்வி, "இந்த நிரூபணம் முக்கியமில்லை, இதற்கடுத்த படிதான் முக்கியம்" என்று ஆசிரியர் போகிறபோக்கில் சொன்னது. இவை ஸ்லைடில் ஏறுவதில்லை. ஏறாததால், இழந்தோம் என்றும் தெரிவதில்லை.

"என் ஆசிரியர் கேள்வியும் கேட்பதில்லை, ஸ்லைடை வாசித்துவிட்டுப் போகிறார்" என்று நீங்கள் சொல்லலாம். அப்படிப்பட்ட வகுப்புகள் உண்டு, மறுக்கவில்லை. ஆசிரியர் பேச மாணவர் கேட்கும் முறையையும், மாணவர்களை வகுப்பிலேயே வேலை செய்யவைக்கும் முறையையும் ஒப்பிட்ட 225 ஆய்வுகளை 2014இல் ஸ்காட் ஃப்ரீமன் குழு தொகுத்தது. அறிவியல், கணிதப் பாடங்களில் வெறும் லெக்சர் கேட்டவர்கள் தோற்கும் வாய்ப்பு ஒன்றரை மடங்கு. எல்லா லெக்சருக்கும் ஒரே மதிப்பு கிடையாது. உங்கள் எரிச்சலில் நியாயம் இருக்கிறது. ஆனால் எந்த வகுப்பு உபயோகமானது என்று எடைபோட, "நன்றாகப் புரிந்தது" என்ற உணர்வை நம்பாதீர்கள். 2019இல் ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளில் ஒரு சோதனை நடந்தது. சரளமாக நடத்திய லெக்சரில் உட்கார்ந்தவர்கள் அதிகம் கற்றதாக நினைத்தார்கள். கணக்குப் போடவைத்துத் திணறடித்த வகுப்பில் இருந்தவர்கள் குறைவாகக் கற்றதாக நினைத்தார்கள். சோதித்தால் பின்னவர்கள்தான் அதிகம் கற்றிருந்தார்கள். போரடிக்கிறது, குழப்புகிறது என்று நீங்கள் ஒதுக்கிய வகுப்புகளில் ஒன்றிரண்டு இந்த ரகமாக இருக்கலாம்.

ரெக்கார்டிங் விஷயத்தில் நான் உங்கள் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். இரட்டை வேகத்தில் ஓட்டிப் பார்த்தால் மண்டையில் ஏறாது என்று திட்டுகிற ஆசிரியர்கள் உண்டு. 2021இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு மடங்கு வேகம்வரை புரிதலில் பெரிய குறைவு தெரியவில்லை, அதைத் தாண்டியபோதுதான் சரிந்தது. ஆக வேகம் பிரச்சினை இல்லை, ரெக்கார்டிங்கும் பிரச்சினை இல்லை. "எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம்" என்பதுதான் பிரச்சினை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: நான்கு பாடம், வாரத்துக்கு இரண்டு லெக்சர், ஒவ்வொன்றும் 50 நிமிடம் என்றால் வாரத்துக்கு 400 நிமிடம். மூன்று வாரம் தள்ளிப்போட்டால் 20 மணி நேரம். இரட்டை வேகத்தில் பார்த்தாலும் 10 மணி நேரம், அதுவும் எங்கேயும் நிறுத்தி யோசிக்காமல் பார்த்தால். இதற்கிடையில் அந்த வாரத்து அசைன்மெண்டும் வந்து நிற்கும். மூன்றாம் வாரம் தெரியாமல் நான்காம் வாரம் விளங்காது. வட்டிக்கு வாங்கிய கடன் மாதிரி, கட்டாத ஒவ்வொரு வாரமும் அடுத்ததைக் கனமாக்கும். தவறவிட்ட ஒரு லெக்சரால் யாரும் தோற்று நான் பார்த்ததில்லை. பாக்கி குவிந்து, இனி முடியாது என்று மொத்தமாகக் கைவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முதலாண்டில் தப்பித்ததை இரண்டாமாண்டுக்கும் ஆதாரமாக வைத்துக்கொள்வதுதான் உங்கள் கேள்வியில் எனக்கு உறுத்திய இடம். பல பாடத்திட்டங்களில் முதலாண்டு, பள்ளியில் படித்ததைக் கொஞ்சம் நீட்டிச் சொல்வதாகவே இருக்கும். எல்லோரையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவது அதன் வேலை. பள்ளி அறிவிலேயே பாதி ஓட்டிவிடலாம். இரண்டாமாண்டில் அந்தக் கையிருப்பு தீரும். உங்கள் பாடத்திட்டம் எப்படி என்று தெரியாமல் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் சோதித்துப் பார்க்க வழி உண்டு: இந்த வாரத்துப் பயிற்சிக் கணக்குகளை ஸ்லைடும் ரெக்கார்டிங்கும் திறக்காமல் வெறும் தாளில் போட்டுப் பாருங்கள். திறந்துவைத்துப் போட்டால் எல்லோருக்கும் வரும். ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் 2006இல் காட்டியதும் இதைச் சார்ந்ததுதான். திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாக எழுதினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, மூடிவைத்து நினைவுகூர்ந்து பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள்.

கணக்குகள் வந்துவிட்டால் அந்தப் பாடத்துக்கு நீங்கள் போகாமல் இருப்பதை நான் எதிர்க்க மாட்டேன். ஆனால் முடிவைப் பாடவாரியாக எடுங்கள், அதையும் செமஸ்டரின் முதல் இரண்டு வாரம் எல்லா வகுப்பிலும் உட்கார்ந்து பார்த்த பிறகு எடுங்கள். காலையில் படுக்கையில் கிடந்தபடி எடுக்கிற முடிவை முடிவு என்று சொல்ல முடியாது. போகாத லெக்சருக்கு அதே நாளில் ஒரு நேரம் ஒதுக்குங்கள், அதில் ரெக்கார்டிங்கைப் பார்த்து முடியுங்கள். தொடர்ந்து இரண்டு முறை அந்த நேரம் தவறிப்போனால், அந்தப் பாடத்துக்கு நேரில் போவதுதான் உங்களுக்குச் சரி. (கையெழுத்துக்காக மட்டும் வந்து பின்வரிசையில் போன் பார்ப்பதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அதைவிட வராமல் இருப்பது மேல். ப்ராக்ஸி போடுவதும், அட்டெண்டன்ஸுக்குக் காட்டும் கியூஆர் கோடைப் படம்பிடித்து நண்பனுக்கு அனுப்புவதும் எங்களுக்குத் தெரியாது என்று மட்டும் நினைக்காதீர்கள்.)

"தூக்கம்தான் வருகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். இரவு மூன்று மணிவரை விழித்திருந்து வருகிற தூக்கமா? எவ்வளவு தூங்கினாலும் தீராத சோர்வா? பகுதிநேர வேலை பார்த்துவிட்டு வருகிறீர்களா? கூட்டத்தில் உட்காரவே மனம் ஒப்பவில்லையா? முதல் வகைக்கு நான் ஏதாவது சொல்லலாம். மற்றவற்றுக்கு இந்தப் பதில் முழுவதுமே பொருந்தாமல் போகலாம். நன்றாக வந்துகொண்டிருந்தவர் திடீரென்று நின்றுவிட்டால், அதற்குப் பாடம் காரணமாக இருந்தது குறைவு என்பதே என் அனுபவம். அப்படி ஏதாவது இருந்தால் ஒரு மருத்துவரையோ, பல்கலையின் மாணவர் ஆலோசகரையோ பாருங்கள். துறையில் ஒருவரிடமாவது விஷயத்தைச் சொல்லியும் வையுங்கள். தவணை நீட்டிப்போ மறுதேர்வோ கேட்க வேண்டி வந்தால், முன்கூட்டியே தெரிவித்திருப்பது பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும்.

ஐந்து வாரம் போய்விட்டது, இப்போது என்ன செய்வது? முதல் வாரத்து வீடியோவிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். பெரும்பாலானவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். மூன்றாம் வாரத்துக்கு வருவதற்குள் வகுப்பு எட்டாம் வாரத்தில் இருக்கும். நாளைக்கு வகுப்பு இருந்தால் நேராகப் போய் உட்காருங்கள், பாதி புரியாது, பரவாயில்லை. புரியாத சொற்களையும் குறியீடுகளையும் மட்டும் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அன்று மாலை அவை முதலில் எந்த லெக்சரில் வந்தன என்று ஸ்லைடில் தேடி, அந்தப் பகுதியை மட்டும் பாருங்கள். இப்படிப் பின்னோக்கிப் போனால், பழைய பாக்கியில் உண்மையில் தேவையானது பாதிகூட இருக்காது. அதற்கப்புறமும் விளங்காத இரண்டு மூன்று இடங்கள் நிற்கும். அவற்றை எடுத்துக்கொண்டு ஆசிரியரின் சந்திப்பு நேரத்தில் போங்கள். "சார், நான் ஐந்து வாரம் வரவில்லை" என்று ஆரம்பிக்க வேண்டியதில்லை. "இந்த வரியிலிருந்து அடுத்த வரி எப்படி வந்தது?" என்று தாளைக் காட்டிக் கேளுங்கள். வராததைப் பற்றி எங்களில் பெரும்பாலோர் விசாரிக்கவே மாட்டோம்.